சைக்கிள்களுக்குப் பின்னால் போன டிப்பர்

நாமக்கல்லில் பிறந்தவளுக்கு லாரியைப் பார்த்துப் பயம் வரக்கூடாது. அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எங்கள் தெருவில் குழந்தைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகச் சொல்லிப் பழகும் வார்த்தை ‘லோடு’. அப்படிப்பட்ட ஊரிலிருந்து போன நான், வன்னியில் புளியங்குளத்துக்கும் நெடுங்கேணிக்கும் நடுவே ஒரு பஸ்ஸின் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன காரியம் சின்னது. நான் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர்ப் பக்கத்து இலங்கை அகதி முகாமில் பிறந்து, எங்கள் பள்ளியில் படித்த சுகந்தி, போர் முடிந்த பிறகு பெற்றோரோடு அவர்கள் மண்ணுக்குப் போய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். இப்போது முன்பள்ளியில் ஆசிரியையாகச் சேர அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழ் வேண்டியிருந்தது. அது பத்திரமாக எங்கள் பள்ளி பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. அவளிடம் கடிதம் வாங்கி, அதைக் காட்டி சான்றிதழை எடுத்துவிட்டேன். தபாலில் போட மனம் வரவில்லை. கிளம்பிவிட்டேன்.

பஸ் புளியங்குளத்தில் திரும்பியதும் எதிரே முதல் டிப்பர் லாரி வந்தது. அங்கே கிரவல் என்று சொல்லும் செம்மண் சரளையை மலைபோல் ஏற்றிக்கொண்டு, சாலையின் நட்டநடுவில் வந்தது. எங்கள் பஸ்காரரும் நட்டநடுவில்தான் போனார். யார் முதலில் விலகுவது என்பதில் இருவருக்கும் பழைய வழக்கு ஏதோ இருக்கும்போல. கடைசி நொடியில் இருவருமே விலகினார்கள். ஜன்னல் வழியாக ஒரு படி புழுதி உள்ளே வந்து எல்லோர் மடியிலும் சமமாக உட்கார்ந்தது.

“கண்ணைத் திறவுங்கோ, போயிட்டுது” என்றார் பக்கத்து சீட்டு அம்மா. மடியில் ஒரு பை நிறையப் பாலைப்பழம் வைத்திருந்தார். மஞ்சளாக, விரல்நுனி அளவில், தேனாக இனித்தது. ஆனால் அதன் பால் உதட்டை ஒட்டிவிடும் என்பதைத் தின்று முடித்த பிறகுதான் சொன்னார். அடுத்த மூன்று டிப்பர்களுக்கும் நான் கத்தாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

இத்தனை லாரி எதற்கு என்று உதடு பிரிந்ததும் கேட்டேன். அவர் நிதானமாக விளக்கினார். “ரோட்டுப் போடத்தான் கிரவல் ஏத்தினம். கிரவல் ஏத்தி ஏத்தி ரோட்டு உடையுது. உடைஞ்சால் திரும்பவும் கிரவல் வேணும்தானே.” எங்கள் ஊர்ப் பொதுப்பணித் துறையையும் இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

நெடுங்கேணியில் சுகந்தி கணவரோடு காத்திருந்தாள். கேதீஸ்வரன் ஒல்லியான மனிதர். எதிரில் இருப்பவர் குனிந்து கேட்கவேண்டிய அளவுக்கு மெல்லப் பேசினார். வீட்டுப் படலையைத் திறக்கும்போது குறுக்கே ஒரு கோழி குஞ்சுகளோடு வந்தது. அது சாவகாசமாகக் கடந்து போகும்வரை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். இவ்வளவு பொறுமையான ஆள் என்ன வேலை செய்வார், ஒருவேளை தபால் நிலையமோ என்று நினைத்துக் கேட்டேன்.

“டிப்பர் ஓடுறன் அக்கா” என்றார்.

பஸ்ஸில் வந்த அம்மா என்னிடம் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார் என்று சொன்னேன். கேதீஸ்வரன் முகம் வாடிவிட்டது. நான் அப்படி என்ன பிழை விட்டேன் என்று கவலையோடு விசாரித்தார். சுகந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அங்கே பேசுவது என்றால் திட்டுவது. சாதாரணமாகப் பேசுவதற்குக் கதைப்பது என்று சொல்லவேண்டுமாம். என்னிடம் எங்கள் ஊர்த் தமிழும் அவரிடம் வன்னித் தமிழுமாக, ஒரே வாயில் இரண்டு ஊர் வைத்திருக்கிறாள் அவள்.

சான்றிதழைக் கையில் கொடுத்ததும் சுகந்தி அதை நெடுநேரம் பார்த்தாள். கணக்கில் இருநூற்றுக்கு எழுபத்தொன்று. அதை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டு கணவரிடம் காட்டினாள்.

மறுநாள் சனிக்கிழமை. என்னை நாயாற்றுக்குக் கூட்டிப்போனாள். முல்லைத்தீவில் இறங்கி வேறு பஸ் ஏறவேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு எனும் உப்பங்கழி, நடுவில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று புடவையைப் பிடித்து இழுக்கிறது. கரையோரக் கடையில் சிவப்பரிசிச் சோறும் இறால் குழம்பும் சாப்பிட்டோம். அந்த உறைப்புக்கு எங்கள் ஊர்க் கோழி வறுவல் பாயசம். கண்ணீரோடு இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். கடைக்காரர் என் கண்ணைப் பார்த்து, சொந்தக்காரர் யாரையாவது நினைத்து அழுகிறேனோ என்று சுகந்தியிடம் தாழ்ந்த குரலில் கேட்டாராம்.

திரும்பும் வழியில், எதிரே வந்த ஒரு டிப்பருக்கு வழிவிட்ட எங்கள் பஸ் ஓரத்து மணலில் இறங்கிப் புதைந்துவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். நானும் தள்ளினேன். பஸ் அசையவில்லை. அப்போது எங்களை மணலில் இறக்கிவிட்ட அதே டிப்பர் ரிவர்ஸில் ஊர்ந்து வந்து நின்றது. பச்சைத் தொப்பி போட்ட ஓட்டுநர் குதித்து இறங்கி, கயிறு கட்டி, ஐந்தே நிமிடத்தில் பஸ்ஸை இழுத்து மேலே விட்டார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிங்களத்தில் அன்பாக ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கண்டக்டரைக் கேட்டேன். “இந்த ரோட்டுச் சரியில்லையாம், பாத்துப் போகச் சொல்லுறார்” என்றார் கண்டக்டர், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

ஞாயிற்றுக்கிழமை கேதீஸ்வரனுக்கு ஓய்வு. குசினியில் உட்கார்ந்து அவரே தேங்காய் துருவி, செத்தல் மிளகாய் இடித்துச் சம்பல் செய்தார். இடியப்பமும் சொதியும் அந்தச் சம்பலுமாகச் சாப்பிட்டபடி, இத்தனை சாதுவாக இருக்கும் உங்களுக்கு ஸ்டியரிங்கில் கை வைத்ததும் என்ன ஆகிறது என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னார். கிரவல் வெட்டும் இடத்தில் டிப்பர்கள் வரிசையில் நிற்கும். ஒருவன் முந்தினால் அவன் முன்னால், நாம் பின்னால். பின்னால் நின்றால் வெயிலில் இரண்டு மணி நேரம் போகும். அதற்குள் முதலாளியின் போன் நாலு தரம் அடிக்கும். “வரிசையை நினைச்சால் கால் தன்பாட்டில மிதிக்குது அக்கா.”

அவர்கள் மகள் அபிநயா ஆறாம் வகுப்பு. மறுநாள் தவணைப் பரீட்சை என்று புத்தகத்தோடு விறாந்தையில் இருந்தாள். அவளுடைய வகுப்பு ஆசிரியை பாமினி ரீச்சர் எல்லாப் பிள்ளைகளையும் காலையில் சந்தியில் ஒன்றுசேர்த்து, சைக்கிள்களை ஒற்றை வரிசையில் முன்னால் விட்டு, தான் ஸ்கூட்டியில் காவலுக்குப் பின்னால் வருவார் என்று அவள்தான் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். “டிப்பருக்காக” என்றாள், தகப்பனைப் பார்க்காமல்.

கேதீஸ்வரன் சம்பலை இன்னும் கொஞ்சம் எனக்கு வைத்தார்.

லாரிக்காரன் மகளாகப் பிறந்துவிட்டு டிப்பரில் ஏறாமல் ஊர் திரும்பினால் அப்பா கனவில் வந்து கேட்பார் என்று சொல்லி, மறுநாள் என்னையும் கூட்டிப்போகச் சொன்னேன். சுகந்திக்குப் பிடிக்கவில்லை. எனக்கு வயசு என்ன ஆகிறது என்று ஞாபகப்படுத்தினாள். அதனால்தான் அவசரம் என்றேன்.

திங்கட்கிழமை காலை, முதல் லோடு ஏற்றிக்கொண்டு வந்து சந்தியில் என்னை ஏற்றிக்கொண்டார். உயரமான சீட்டு. கண்ணாடிக்கு மேலே பிள்ளையார், மாதா, ஒரு பிளாஸ்டிக் ரோஜா. இரு பக்கமும் சிறுபோகத்து வயல் பச்சையாக நிறைந்து கிடந்தது. மேலே உட்கார்ந்து பார்த்தால் சாலை முழுவதும் நமக்கென்றே போட்டது மாதிரி இருக்கிறது. கீழே பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டவள் நான்தானா என்று எனக்கே சந்தேகம். அந்த உயரத்தில் ஏதோ இருக்கிறது. பத்தே நிமிடத்தில் எனக்கும் எல்லோர் மீதும் கோபம் வர ஆரம்பித்தது. முன்னால் போன மாட்டின் மீது கோபம். ஓரத்தில் நடந்தவர் மீது கோபம்.

அப்போது எங்களுக்கு முன்னால் இன்னொரு டிப்பர் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. மெல்ல என்றால் கல்யாண ஊர்வலம் மாதிரி. அதன் முதுகைத் தவிர எங்களுக்கு வேறெதுவும் தெரியவில்லை. கேதீஸ்வரன் பொறுமையாகத்தான் பின்னால் போனார். நான் இருப்பதால் அன்று மரியாதையாக ஓட்டவேண்டும் என்று வீட்டில் உத்தரவு. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன், “எங்கப்பாவா இருந்தா இந்நேரம் இவனைத் தாண்டி நாமக்கல்லே போயிருப்பார்.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஹாரனை அழுத்தினார். வலப்பக்கம் ஒடித்து ஏறினார்.

முன்னால் போன டிப்பரின் பக்கத்துக்கு நாங்கள் வந்தபோது எதிரே ஒரு உழவு இயந்திரம் வந்தது. அவர் இன்னும் வேகமாக மிதித்து, அந்த டிப்பரைத் தாண்டி இடப்பக்கம் வெட்டினார். அங்கே ஒரு ஸ்கூட்டி இருந்தது. அதில் ஒரு பெண். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் அந்த முகத்தை நான் பார்த்தேன். அடுத்த கணம் ஸ்கூட்டி சாலையை விட்டு வயலுக்குள் பாய்ந்தது.

பிரேக் போட்ட வேகத்தில் பிள்ளையாரும் ரோஜாவும் என் மடியில் விழுந்தார்கள். டிப்பர் இழுத்துக்கொண்டு போய் நின்றது. புழுதி முன்னால் போய், மெதுவாக அடங்கியது. அடங்கியபோது, எங்கள் மூக்குக்கு நேரே, பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில், வெள்ளைச் சீருடையில் சைக்கிள்கள் ஒற்றை வரிசையில் நின்றன. கடைசிச் சைக்கிளில் ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தபடி நின்றது அபிநயா.

கேதீஸ்வரன் இன்ஜினை நிறுத்தவில்லை. அது தானாக நின்றது. அவர் கைகள் ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. நான்தான் அவர் தோளைத் தொட்டு ரீச்சரைப் பார்க்கச் சொன்னேன்.

பயிரும் சேறும் பாமினி ரீச்சரைக் காப்பாற்றியிருந்தன. நாங்கள் ஓடிப் போவதற்குள் அவரே எழுந்து நின்றார். இடுப்புவரை சேறு, ஒரு காலில் செருப்பில்லை, முழங்கையில் சிராய்ப்பு. கேதீஸ்வரன் வயலுக்குள் இறங்கினார்.

ரீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றி அவரைப் பார்த்தார். “அபிநயாவின்ர அப்பாவோ?”

“ஓம் ரீச்சர்.”

ரீச்சரின் பை பிய்ந்து, பரீட்சை வினாத்தாள்கள் வயலெங்கும் வெள்ளைக் கொக்குகள் மாதிரிக் கிடந்தன. அவற்றைக் கையால் காட்டினார். கேதீஸ்வரன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

நாங்கள் முந்திய டிப்பரும் நின்றுவிட்டது. அதிலிருந்து இறங்கியவர் நாயாற்று வழியில் பஸ்ஸை இழுத்துவிட்ட அதே பச்சைத் தொப்பிக்காரர். பிள்ளைகள் போகிறார்கள் என்றுதான் அவர் அவ்வளவு மெல்ல வந்திருக்கிறார். அவரும் வயலில் இறங்கித் தாள் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே கேதீஸ்வரனைச் சிங்களத்தில் ஓயாமல் ஏதோ சொன்னார். ஐந்து நிமிடம் சொல்லியிருப்பார். என்ன சொல்கிறார் என்று மெல்லக் கேட்டேன். “கவனமா ஓடச் சொல்லுறார்” என்றார் கேதீஸ்வரன், தலை நிமிராமல். இரண்டு சிங்கள வார்த்தை கூடத் தெரியாத எனக்கே அது மொழிபெயர்ப்பு இல்லை என்று தெரிந்தது.

ஸ்கூட்டி கிளம்பவில்லை. ஆண்கள் இருவரும் அதைத் தூக்கிக் கிரவல் மேல் ஏற்றிக் கட்டினார்கள். பரீட்சைக்கு நேரமாகிவிட்டது. ரீச்சர் சேற்றுப் புடவையோடு டிப்பரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பிள்ளையள் முன்னுக்குப் போகட்டும். நீங்கள் பின்னால வாங்கோ” என்று மட்டும் சொன்னார்.

அந்த இரண்டு கிலோமீட்டரை என்னால் மறக்கமுடியாது. முன்னால் பதினாலு சைக்கிள். அதற்குப் பின்னால் முதல் கியரில் முனகிக்கொண்டு எங்கள் டிப்பர். அதற்குப் பின்னால் பச்சைத் தொப்பி. அவருக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியாத இன்னும் ஐந்தாறு டிப்பர்கள், ஹாரன் அடித்தபடி. அந்தப் பக்கத்து வயல்காரர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பையன்கள் இரண்டு பேர் வேண்டுமென்றே இன்னும் மெதுவாக மிதித்தார்கள். ஒருவன் நிறுத்தி, இறங்கி, செயினைச் சரிபார்ப்பது போல நடித்துவிட்டு மறுபடி ஏறினான். ஏழு டிப்பரும் நின்றன. கடைசிச் சைக்கிள் மட்டும் ஒருதரம்கூடத் திரும்பவில்லை.

ஏன் முந்தினீர்கள் என்று ரீச்சர் ஒரே ஒரு தடவை கேட்டார். கேதீஸ்வரன் சாலையைப் பார்த்தபடி, “என்ர பிழைதான் ரீச்சர்” என்றார். நான் மடியில் எடுத்து வைத்திருந்த பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ரீச்சர் என்னைப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார். இந்தியாவிலிருந்து ஊர் பார்க்க வந்ததாகச் சொன்னேன். “இப்ப வடிவாப் பாத்திட்டீங்கள்தானே” என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

பள்ளி வாசலில் பின்னால் வந்த ஓட்டுநர்களும் சேர்ந்து ஸ்கூட்டியை இறக்கிவைத்தார்கள். அதுவரை ஹாரன் அடித்தவர்கள் சேற்றைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ரீச்சர் போலீசைக் கூப்பிடப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் ஈரத் தாள்களை அடுக்கிக்கொண்டே, பள்ளி ஏழரைக்குத் தொடங்கும், ஒன்றரைக்கு விடும் என்று நேரம் மட்டும் சொன்னார். பிறகு கேட்டார், “அந்த நேரம் நீங்கள் எல்லாரும் எங்க நிப்பியள்?”

பச்சைத் தொப்பிக்காரருக்கு யாரோ அதைச் சிங்களத்தில் சொன்னார்கள். யாரும் முதலில் போய் வண்டியை எடுக்கவில்லை.

அன்று கேதீஸ்வரன் வீட்டுக்கு வந்து தானாகவே எல்லாவற்றையும் சுகந்தியிடம் சொன்னார். என் பங்கை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார். சுகந்தி பேசினாள். வன்னி அர்த்தத்தில்தான். இரண்டு ஊர்த் தமிழிலும் பேசினாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. முந்தச் சொல்லி ஏற்றிவிட்டது நான்தான், சாலையின் நடுவில் பெருமையடித்தது நான்தான் என்று சொன்னேன். சுகந்தி என்னை அப்படியே பார்த்தாள். எங்கள் பள்ளியில் படித்த சின்னப்பெண் அல்ல இப்போது அவள். ஒரு பிள்ளைக்குத் தாய்.

அபிநயா அதுவரை மூலையில் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “பெரியம்மா சொன்னால் அப்பா செய்யோணுமோ?” என்று கேட்டாள். எனக்காகப் பரிந்து பேசுகிறாளா, தகப்பனைக் குற்றம் சொல்கிறாளா என்று இன்றுவரை தெரியவில்லை. தகப்பனிடம் அவள் அன்று ஒரு வார்த்தைகூடக் கதைக்கவில்லை. அவர் இடியப்பத்தைத் தட்டில் எடுத்துவைத்தார். அவள் தாயிடம் கேட்டு வேறு தட்டு வாங்கிக்கொண்டாள்.

அப்பாவைப் பற்றி எனக்கும் யோசனை வந்தது. முப்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். அவர் லாரியில் கீறல் இல்லை என்பது உண்மை. அவருக்கு வழிவிட்டு வயலில் இறங்கியவர்களை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான் கிளம்பினேன். கேதீஸ்வரன் இருட்டோடு போய் முதல் லோடைக் கொட்டிவிட்டு வந்து, ஏழு மணிக்கு முன்பே சந்தித் தேநீர்க் கடை ஓரமாக டிப்பரை நிறுத்தியிருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்த என்னோடு பால் விடாத பிளேன்ரீ குடித்தார். முதலாளி இரண்டு தரம் போன் பண்ணிவிட்டாராம். நாளைக்கு என்ன ஆகும் என்று அவருக்கே தெரியாது. பச்சைத் தொப்பிக்காரர் வந்து அவருக்குப் பின்னால் நிறுத்தினார். இன்னொருவர் வந்தார், பார்த்தார், ஹாரன் அடித்துவிட்டு நிற்காமல் போனார். நாலாவது ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு நிறுத்தினார்.

சைக்கிள்கள் வந்தன. ஒற்றை வரிசை. பின்னால் யாரிடமோ இரவல் வாங்கிய ஸ்கூட்டியில், முழங்கையில் பிளாஸ்திரியோடு பாமினி ரீச்சர். எங்களைப் பார்த்தார். பிள்ளைகளைத் தொடர்ந்து போனார்.

அபிநயா நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு மிதித்தாள். தகப்பன் பக்கம் திரும்பவே இல்லை. டிப்பரைத் தாண்டும் இடத்தில் மட்டும், ஒரே ஒரு தரம், அவள் சைக்கிள் மணி அடித்தது.

கேதீஸ்வரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க மறந்து நின்றார். கடைசிச் சைக்கிள் வளைவில் மறைகிறவரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் குனிந்து கேட்கவேண்டிய குரலில் சொன்னார்.

“கண்டனீங்களே அக்கா? பெல் அடிச்சவள்.”